பிடிபி-8/இ எழுந்திருக்க மறுக்கிறதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மேனார்ட் என்ற ஊரில், பழைய கம்பளி ஆலைக் கட்டடத்தில் இயங்கிய டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன், சுருக்கமாக டெக், 1965-இல் பிடிபி-8 என்ற மினிகம்ப்யூட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை சுமார் 18,000 டாலர். 1970-இல் வந்த பிடிபி-8/இ அதே 12 பிட் குடும்பம்தான். ஆனால் எல்லா போர்டுகளையும் ஓம்னிபஸ் என்ற ஒரே பொதுத் தடத்தில், அதாவது பஸ்ஸில், செருகும் ஏற்பாடு இதில்தான் வந்தது. இன்று ஆர்வலர்கள் கைக்கு வரும் மினிகம்ப்யூட்டர்களில் பழுது பார்க்க இதைவிடத் தோதான இயந்திரம் இல்லை என்பேன். மைக்ரோபிராசசர் கிடையாது. கணக்கிடும் பகுதி முழுவதும் சாதாரண டிடிஎல் லாஜிக் சிப்களாக நாலைந்து போர்டுகளில் பரவிக் கிடக்கிறது. எந்தச் சிக்னலையும் ஆசிலோஸ்கோப் முனையால் தொட்டுப் பார்க்கலாம். போதாததற்கு முன்பலகையில் விளக்குகளும் ஸ்விட்சுகளும் வேறு இருக்கின்றன.

அதனாலேயே ஒரு ஆபத்தும் உண்டு. கையில் சால்டரிங் அயர்ன் இருந்தால் சந்தேகப்பட்ட சிப்பையெல்லாம் மாற்றத் தோன்றும். எந்த பிட், எந்த முகவரி, எந்த நேரம், இந்த மூன்றும் தெரியும்வரை அயர்னைச் சூடாக்காதீர்கள். ஐம்பது வருடப் பழைய போர்டில் செப்புத் தடம் சூடு பட்டால் உரிந்து வந்துவிடும். அப்புறம் ஒரு பிழை இரண்டாகும்.

தேவையானவை: மல்டிமீட்டர், இரண்டு சேனல் ஆசிலோஸ்கோப், போர்டை வெளியே தூக்கி நிறுத்தும் எக்ஸ்டெண்டர், பராமரிப்புக் கையேடும் சர்க்யூட் வரைபடங்களும். கையேடும் வரைபடமும் பிட்சேவர்ஸ் இணையக் காப்பகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

வாங்கும் இடத்திலேயே தெரியும் குறைகள்

விற்பவர் "போன தடவை போட்டப்போ ஓடுச்சு" என்பார். அதைக் காதில் வாங்கிக்கொண்டு மேல்மூடியைத் திறந்து போர்டு எண்களைப் படியுங்கள். எம்8300, எம்8310 இரண்டும் ரெஜிஸ்டர் பகுதி. எம்8330 நேரக் கட்டுப்பாடு. எம்8320 பஸ் லோடு. இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் இயந்திரம் இல்லை. 4096 வார்த்தை கோர் நினைவகம் மூன்று போர்டுகள் சேர்ந்தது: ஜி104, எச்220, ஜி227. டெர்மினல் இணைப்புக்கு எம்8650.

பலரும் கவனிக்காமல் விடுவது எச்851. போர்டுகளின் மேல் விளிம்பில், பக்கத்துப் போர்டுடன் இணைக்கும் சிறிய கனெக்டர் அது. யாரோ போர்டைக் கழற்றும்போது எடுத்து எங்கோ வைத்திருப்பார்கள். தங்கத்துக்காகப் பழைய போர்டு வாங்குபவர்கள் கைப்பட்ட இயந்திரமா என்பதையும் பாருங்கள். போர்டு விளிம்பின் தங்க விரல்கள் வெட்டப்பட்டிருந்தால் பேரம் பேச எதுவும் இல்லை, கிளம்பிவிடலாம். சாவி தொலைந்திருந்தால் மட்டும் கவலை வேண்டாம். டெக் தன் இயந்திரங்கள் பலவற்றுக்கும் எக்ஸ்எக்ஸ்2247 என்ற ஒரே உருளைச் சாவியைத்தான் கொடுத்தது. நகல் எளிதில் கிடைக்கும்.

சாவியைத் திருப்பும் முன்

முதலில் பின்பக்க லேபிளைப் பாருங்கள். 115 வோல்ட் இயந்திரத்தை நம் 230 வோல்ட்டில் செருகினால் இந்தக் கட்டுரையின் மிச்சம் தேவைப்படாது. எல்லா போர்டுகளையும் கழற்றி, எது எந்த இடத்தில் இருந்தது என்று படம் எடுத்து வையுங்கள். பவர் சப்ளையை மட்டும் தனியாகச் சோதிக்க வேண்டும்.

டப்பா டப்பாவாக இருக்கும் பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களை உடனே தூக்கி எறியச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் காலத்துப் பெரிய கெப்பாசிட்டர்கள் நன்றாகச் செய்யப்பட்டவை, பல இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஒவ்வொன்றையும் சர்க்யூட்டிலிருந்து பிரித்து, பெஞ்ச் சப்ளையிலிருந்து ஒரு கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக மெல்ல வோல்ட்டேஜ் ஏற்றுங்கள். கசிவு மின்னோட்டம் நேரம் போகப் போகக் குறைந்தால் கெப்பாசிட்டர் தேறுகிறது. குறையாமல் நின்றாலோ, டப்பா சூடானாலோ, அடியில் பிசுபிசுப்பு தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள்.

அடுத்து, +5 வோல்ட் வெளியீட்டில் ஒரு ஓம், 50 வாட் ரெசிஸ்டரை லோடாக மாட்டி 5 ஆம்பியர் இழுக்க விடுங்கள். 4.75-க்கும் 5.25-க்கும் நடுவில் அசையாமல் நிற்கிறதா? +15, -15 இரண்டும் சரியா? ஸ்கோப்பில் சிற்றலை எவ்வளவு? போர்டுகளைச் செருகி வைத்துக்கொண்டு இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. ரெகுலேட்டரின் பவர் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருந்தால் +5 கோட்டில் அதற்கு மேல் பாய்ந்து, உள்ளே இருக்கும் டிடிஎல் சிப்கள் கூட்டமாகப் போய்விடும்.

அறிகுறி: சாவியைத் திருப்பியதும் ஃபியூஸ் போகிறது

போர்டுகள் இல்லாமலும் போகிறது என்றால் ரெக்டிஃபையர் டையோடு அல்லது ஷார்ட் ஆன கெப்பாசிட்டர். போர்டு செருகினால்தான் போகிறது என்றால் ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். போர்டில் இருக்கும் சிறிய டான்டலம் கெப்பாசிட்டர்கள் ஷார்ட் ஆவது சகஜம். பெரும்பாலும் அவையே புகைந்து தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அறிகுறி: மின்விசிறி சுற்றுகிறது, ஒரு விளக்கும் இல்லை

+5 வோல்ட்டைப் போர்டுகள் செருகும் பின்தளத்திலேயே அளந்து பாருங்கள். ஒரு வோல்ட் சொச்சத்தில் படுத்துக் கிடந்தால், வோல்ட்டேஜ் எகிறும்போது கோட்டைத் தரையோடு சேர்க்கும் பாதுகாப்பு சர்க்யூட் வேலை செய்திருக்கிறது. அது கெட்டுப்போய்த் தானாக விழுகிறதா, இல்லை +5 நிஜமாகவே எகிறியதா என்பதை லோடு ரெசிஸ்டர் சோதனையில் கண்டுபிடியுங்கள். எரிச்சலில் அந்தப் பாதுகாப்பைத் துண்டித்துவிட்டு ஓட்டாதீர்கள்.

+5 சரியாக இருந்தும் இருட்டு என்றால் விளக்குகளுக்கான தனி மின்சாரத்தைப் பாருங்கள். 8/இ-யின் முதல் வடிவங்களில் இருப்பது எல்இடி அல்ல, இழை பல்புகள். சில மட்டும் எரியவில்லை என்றால் பல்பு போயிருக்கும். அதே பல்பையே தேடி மாட்டுங்கள். எல்இடி போட்டால் பிரகாசம் ஒரே மாதிரி தட்டையாகத் தெரியும். ஓடும் நிரலில் எந்த பிட் எவ்வளவு நேரம் எரிகிறது என்பதை மங்கலிலிருந்து ஊகிக்கும் வசதி குறைந்துவிடும்.

அறிகுறி: விளக்குகள் எரிகின்றன, ஸ்விட்சுகளுக்கு மதிப்பில்லை

இங்கே ஒரு நல்ல பிரிப்பு இருக்கிறது. 'அட்ரஸ் லோடு' அழுத்தும்போது நினைவகச் சுழற்சி எதுவும் நடப்பதில்லை. ஸ்விட்சுகளில் வைத்த எண் முகவரி ரெஜிஸ்டருக்குப் போகிறது, அவ்வளவுதான். 'எக்ஸாம்' (நினைவகத்தைப் படிப்பது), 'டெப்' (அதில் எழுதுவது) இரண்டும் ஒரு முழு நினைவகச் சுழற்சியை ஓட்டுகின்றன. ஆகவே:

அட்ரஸ் லோடே வேலை செய்யவில்லையா? எம்8300-க்கும் எம்8310-க்கும் நடுவே எச்851 கனெக்டர்கள் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அப்புறம் முன்பலகை போர்டு. சாவி 'பேனல் லாக்' நிலையில் இருந்தாலும் இதே அறிகுறிதான், அதனால் ஸ்கோப்பை எடுப்பதற்கு முன் சாவியை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அட்ரஸ் லோடு வேலை செய்து, எக்ஸாம் அழுத்தினால் எதுவும் நகரவில்லையா? எம்8330-ஐ எக்ஸ்டெண்டரில் ஏற்றி, டிபி1 முதல் டிபி4 வரையிலான துடிப்புகள் வரிசையாக வருகின்றனவா என்று பாருங்கள். எந்தத் துடிப்போடு வரிசை அறுகிறதோ அதற்கு முந்தைய சிப்பில் தேடல் தொடங்கும்.

டெப் ஸ்விட்ச் மற்றவை போல இல்லை, அதை மேல்நோக்கித் தூக்க வேண்டும். தெரியாமல் கை பட்டு நினைவகத்தில் எழுதிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. கீழே அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு போர்டைக் குறை சொல்லாதீர்கள்.

நினைவக விரிவாக்கப் போர்டு எம்837 இருந்தால் இன்னொரு கண்ணி உண்டு. இயந்திரம் எழும்போது இல்லாத நினைவகப் பகுதியைச் சுட்டிக்கொண்டிருந்தால் வைத்தது திரும்ப வராது. ஸ்விட்சுகளை 0000 ஆக்கி 'எக்ஸ்டெண்டட் அட்ரஸ் லோடு' ஒரு முறை அழுத்திவிட்டு மறுபடி சோதியுங்கள்.

அறிகுறி: எழுதியது ஒன்று, படிப்பது வேறு

அதிக நேரம் பிடிப்பதும், கவனித்தால் அதிகம் சொல்வதும் இதுதான்.

கோர் நினைவகம் எப்படி இயங்குகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஒவ்வொரு பிட்டுக்கும் 64-க்கு 64 என்ற வலையில் 4096 ஃபெரைட் வளையங்கள். எக்ஸ் கம்பியில் பாதி மின்னோட்டம், ஒய் கம்பியில் பாதி. இரண்டும் சேரும் வளையம் மட்டும் புரளும். படிக்கும்போது வளையம் புரண்டால் சென்ஸ் கம்பியில் சிறு துடிப்பு வரும், அது 1. படித்தவுடன் அந்த வளையம் 0 ஆகிவிடுவதால் திரும்ப எழுத வேண்டும். எழுதும்போது எல்லா பிட்டிலும் 1 விழப் பார்க்கும். 0 வேண்டிய பிட்டில் மட்டும் இன்ஹிபிட் கம்பி எதிர் மின்னோட்டம் பாய்ச்சித் தடுக்கும்.

ஆக, ஒரு பிட் எல்லா முகவரியிலும் எப்போதும் 1 என்றால் அந்த பிட்டின் இன்ஹிபிட் டிரைவர் வேலை செய்யவில்லை. எப்போதும் 0 என்றால் சென்ஸ் ஆம்ப்ளிஃபையர் செத்திருக்கலாம், அல்லது இன்ஹிபிட் விடாமல் தடுத்துக்கொண்டிருக்கலாம். பன்னிரண்டு பிட்டும் எங்கும் 0 என்றால் தனித்தனியாகப் பன்னிரண்டு பேர் சாகவில்லை. சென்ஸ் துடிப்பைப் பிடிக்கும் ஸ்ட்ரோப் சிக்னல் வரவில்லை, அல்லது எக்ஸ்-ஒய் மின்னோட்டமே இல்லை.

ஓர் உதாரணம். முகவரி 0200-இல் 0000 வைக்கிறீர்கள். எக்ஸாம் செய்தால் 0020 தெரிகிறது. 0201-இலும் 0020. 4000-இலும் 0020. 7777 வைத்தால் 7777 ஒழுங்காக வருகிறது. எட்டை அடியாகக் கொண்ட எண்ம எண்ணில் 0020 என்றால் வலமிருந்து ஐந்தாவது விளக்கு. ஆனால் டெக் பிட் எண்களை இடமிருந்து, 0-இலிருந்து எண்ணும். எனவே வரைபடத்தில் நீங்கள் தேட வேண்டியது பிட் 7, பிட் 4 அல்ல. இந்த ஒரு விஷயத்தில் சறுக்கி நல்ல சிப்பை எடுத்துப் போட்டவர்கள் உண்டு. சரி, பிட் 7 எப்போதும் 1. முன்பலகை விளக்குகள் எதைக் காட்ட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் சுழல் ஸ்விட்சை 'எம்டி' (நினைவகத் தரவு) நிலையிலிருந்து 'பஸ்'ஸுக்குத் திருப்பிப் பாருங்கள். நினைவகம் ஓடாத நிலையிலும் பஸ்ஸில் அந்த பிட் எரிந்தால் குற்றவாளி நினைவகம் இல்லை, பஸ்ஸில் தொங்கும் ஏதோ ஒரு போர்டின் டிரைவர் சிப். எம்8650 முதலான கூடுதல் போர்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், எதைக் கழற்றியதும் விளக்கு அணைகிறதோ அதுதான். பஸ் சுத்தமாக இருந்து எம்டி மட்டும் தவறினால் ஜி104-ஐ எக்ஸ்டெண்டரில் ஏற்றி, பிட் 7-இன் இன்ஹிபிட் டிரைவரையும் பிட் 6-இன் டிரைவரையும் ஸ்கோப்பின் இரண்டு சேனல்களில் போட்டு ஒப்பிடுங்கள். ஒரே சர்க்யூட்டின் பன்னிரண்டு பிரதிகள் பக்கத்திலேயே இருப்பது பெரிய வசதி. அலைவடிவம் எப்படி இருக்க வேண்டும் என்று கையேட்டைப் புரட்ட வேண்டியதில்லை, பக்கத்து பிட் சொல்லும்.

பிட் அல்ல, முகவரி தவறுகிறது என்றால் கணக்கு வேறு. எந்தெந்த முகவரிகள் என்று தாளில் எழுதுங்கள். 4096-இல் 64 முகவரிகள் மட்டும் தவறி, எல்லாவற்றிலும் எண்ம எண்ணின் இரண்டு இலக்கங்கள் மாறாமல் இருந்தால் ஒரே ஒரு எக்ஸ் அல்லது ஒய் கம்பியில் கோளாறு. பெரும்பாலும் எச்220-இல் ஒரு டையோடு திறந்திருக்கும், அல்லது சால்டர் விட்டிருக்கும். 512 முகவரிகள் தவறி, ஒரே ஓர் இலக்கம் மாறாமல் இருந்தால் எட்டுக் கம்பிகளுக்குப் பொதுவான டிரைவர் அல்லது ஸ்விட்ச் டிரான்சிஸ்டர். அது ஜி227 பக்கம். வளையங்கள் கோர்த்த வலையே அறுந்திருப்பது அபூர்வம். அதன் மூடியைத் திறந்து பார்க்கும் ஆசையைக் கடைசிவரை தள்ளிப்போடுங்கள்.

போர்டு விரல்களில் அழுக்கு என்றால் ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் பஞ்சு இல்லாத துணியும் போதும். பென்சில் ரப்பரால் தேய்ப்பது பழைய பழக்கம், ஆனால் தங்கப் பூச்சு மெல்லியது. கறுத்த சிப் கால்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வெள்ளிப் பூச்சு கறுப்பது இயல்பு, அதனால் மட்டும் சிப் கெடுவதில்லை.

அறிகுறி: நினைவகம் சரி, நிரல் ஓடவில்லை

இதைக் கையால் ஏற்றுங்கள்:

0000: 2020
0001: 5000
0002: 7001
0003: 5000

அட்ரஸ் லோடு 0000, அப்புறம் 'கிளியர்', அப்புறம் 'கன்டின்யூ'. 'ஹால்ட்' ஸ்விட்ச் தூக்கிய நிலையில் இருக்கட்டும். முகவரி 0020-இல் உள்ள எண் ஒரு முழுச் சுற்று வந்ததும் ஏசி, அதாவது கணக்கு நடக்கும் அக்யுமுலேட்டர் ரெஜிஸ்டர், ஒன்று கூடும். சுழல் ஸ்விட்சை 'ஏசி'யில் வைத்தால் விளக்குகள் இரும எண்ணாக ஏறுவது கண்ணுக்குத் தெரியும். ஏசி முழுச் சுற்று வர ஏறக்குறைய ஒரு நிமிடம். ஏதோ ஒரு விளக்கைத் தாண்டி எண்ணிக்கை போகவில்லை என்றால் கூட்டும் சர்க்யூட்டின் மிகுதி (கேரி) அந்த இடத்தில் அடுத்த பிட்டுக்குப் போகவில்லை, எம்8300-இல் அந்த இடத்தைப் பாருங்கள்.

ஓடாமல் உடனே நின்றுவிட்டால் 'சிங்கிள் ஸ்டெப்'பைக் கீழே இறக்கி, கன்டின்யூவை ஒவ்வொரு தட்டாகத் தட்டுங்கள். 5000 தாவும் கட்டளை. அது 0000-க்குப் போகாமல் வேறெங்கோ போனால், போன இடத்தின் எண்ணே எந்த பிட் கெட்டது என்று சொல்லிவிடும். இது தேறியபின்தான் டெக்கின் மெயின்டெக் சோதனை நாடாக்கள். முதல் நாளே அவற்றை ஓட்டினால் வரும் பிழைச் செய்தி குழப்பத்தான் செய்யும்.

அறிகுறி: குளிர்ந்திருக்கும்போது ஓடுகிறது, சூடானதும் விழுகிறது

முதலில் +5-ஐச் சூடான நிலையில், சப்ளையில் அல்ல, பின்தளத்தில் அளக்கவும். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் கேபிள் முனையில் துரு. மின்விசிறிகள் முழு வேகத்தில் ஓடுகின்றனவா? அதற்கப்புறம் குளிரூட்டும் ஸ்பிரேயை ஒரு சிப்பின்மேல் மட்டும் அடித்துப் பாருங்கள். போர்டு முழுக்க அடித்தால் எதுவும் தெரியாது. கோர் வளையங்கள் வெப்பத்துக்கு ஏற்பக் குணம் மாறுபவை, அதைச் சரிக்கட்டத்தான் நினைவகத்தில் தெர்மிஸ்டர் இருக்கிறது. சூட்டில் பல பிட்டுகள் சேர்ந்து தடுமாறினால் அந்தப் பாதையையும் பாருங்கள்.

அறிகுறி: டெலிடைப் தடதடவென்று தானாக ஓடுகிறது

ஏஎஸ்ஆர் 33 டெலிடைப், அதாவது டெர்மினலாகப் பயன்படும் தட்டச்சு இயந்திரம், 20 மில்லிஆம்பியர் மின்னோட்ட வளையத்தில் இணைகிறது. வளையம் மூடியிருந்தால் அமைதி, திறந்திருந்தால் ஓயாத தடதடப்பு. எனவே இது பெரும்பாலும் டெலிடைப்பின் நோய் அல்ல, கம்பி அறுந்தது அல்லது துருவம் மாறியது. மல்டிமீட்டரைத் தொடராக வைத்து மின்னோட்டத்தைப் பாருங்கள்.

அமைதியாக இருக்கிறது, ஆனால் தாளில் எழுத்து மங்கலாகவோ பாதியாகவோ விழுகிறது என்றால் அச்சுச் சுத்தியலின் ரப்பர் தொப்பி கூழாகியிருக்கும். புதியது போடாமல் ஓட்டினால் எழுத்து உருளை அடிபடும்.

எழுத்து தப்பாக வருகிறதா என்பதற்கு இந்த எதிரொலி நிரல்:

0200: 6032
0201: 6031
0202: 5201
0203: 6036
0204: 6046
0205: 6041
0206: 5205
0207: 5201

தட்டியது அப்படியே திரும்பி வர வேண்டும். குப்பையாக வந்தால் வேகம் பொருந்தவில்லை. டெலிடைப்புக்கு 110 பாட், வினாடிக்குப் பத்து எழுத்து. எம்8650-இன் ஜம்பர்களைப் பாருங்கள். எதிரொலி சரியாக வந்தும் ஃபோக்கல் மொழியோ ஓஎஸ்/8 இயக்க முறைமையோ நீங்கள் தட்டியதைக் கண்டுகொள்ளவில்லை என்றால், நவீன டெர்மினல் மாட்டியிருப்பீர்கள். அந்தக் கால மென்பொருள் எட்டாவது பிட் எப்போதும் 1 என்று எதிர்பார்க்கும். டெர்மினலை ஏழு பிட், மார்க் பாரிட்டி என்று மாற்றி, கேப்ஸ் லாக்கையும் போட்டுக்கொள்ளுங்கள்.

'பின்' (BIN) லோடர் என்ற ஏற்றி நிரலால் காகித நாடா ஏற்றி முடித்து இயந்திரம் நின்றதும் ஏசி-யைப் பாருங்கள். 0000 என்றால் சரியாக ஏறியிருக்கிறது. வேறு எண் இருந்தால் நாடாவோ ரீடரோ ஒரு எழுத்தைத் தவறவிட்டிருக்கிறது. மறுபடி ஏற்றுவதற்கு முன் ரீடரின் ஊசிகளைத் துடைத்துவிடுங்கள்.

ஆர்கே05 வட்டு இருந்தால்

சிபியு முழுசாகத் தேறும்வரை இதில் கை வைக்காதீர்கள். உள்ளே காற்று வடிகட்டியைச் சுற்றியிருக்கும் நுரைப் பட்டை பொடிப்பொடியாக உதிரும். அந்தத் தூள் ஹெட்டுக்கும் வட்டுக்கும் நடுவே போனால் இரண்டும் போச்சு. பழைய நுரையை முழுக்கச் சுரண்டி எடுத்து, காற்றுப் பாதையைத் துடைத்து, ஹெட்டுகளை ஆல்கஹாலில் சுத்தம் செய்தபின்தான் 'ரன்' ஸ்விட்ச். மின்சாரம் போனால் ஹெட்டைப் பின்னிழுக்க வைத்திருக்கும் நிக்கல்-காட்மியம் பேட்டரி கசிந்திருக்கும், அதையும் மாற்றுங்கள்.

எல்லாம் செய்தும் பேக், அதாவது கழற்றி மாட்டும் வட்டு, படிக்கவில்லை என்றால் அது எந்தக் கணினிக்கான பேக் என்று கேளுங்கள். பிடிபி-8-க்கு 16 செக்டார், பிடிபி-11-க்கு 12 செக்டார். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும், நடு வளையத்தில் உள்ள செக்டார் வெட்டுகளை எண்ணினால்தான் தெரியும். சரியான பேக் கிடைத்து அது படித்துவிட்டால், 'ரைட் புரொடெக்ட்'டைப் போட்டுவிட்டு முதலில் முழு நகல் எடுங்கள். அதில் என்ன இருக்கிறது என்று ஓஎஸ்/8-இல் பார்ப்பதெல்லாம் அதற்கப்புறம்.